கட்டுரைக்கு முன் வினா

ஆறாம் படிவ மாணாக்கரும் ஆசிரியர் கல்விக் கழகங்களில் பயில்வோரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகும்போது முதலில் நாடுவது தலைப்பையே. ‘மலாயாவில் தமிழ்த் தொழிலாளர்’ என்று தாளின் உச்சியில் எழுதிக்கொண்டு, நூல்நிலையத்தில் அகப்பட்டதையெல்லாம் திரட்டத் தொடங்குவர். இருபது பக்கம் சேரும், கட்டுரை சேராது. தலைப்பு எதைப் பற்றி என்று சொல்லுமேயன்றி எதைச் சொல்வது என்று காட்டாது. அதனைக் காட்ட வல்லது வினா.

‘1910-ஆம் ஆண்டில் மலாயாவுக்கு ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்ப்பது நின்றது ஏன்?’ என்று வினவிப் பார்த்தால், எது வேண்டும் எது வேண்டாம் என்பது அப்பொழுதே தெளிவாகிவிடும். தோட்டத்துத் திருவிழாக்களும், 1938-இல் இந்திய அரசு விதித்த தடையும் எவ்வளவு சுவையான செய்திகளாயினும் இங்கு இடம்பெறா. அவற்றைப் புகுத்துவதையே நன்னூல் ‘மற்றொன்று விரித்தல்’ எனப் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்தது.

வினாவுக்கு அடுத்தது விடை. ஒப்பந்த முறையின் கொடுமையை எதிர்த்த கிளர்ச்சியே அதனை ஒழித்தது என்பது எளிதில் தோன்றும் விடை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயின் ஃபிஜித் தீவுக்கு 1916 வரையில் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேறினர். கிளர்ச்சி ஒன்றே காரணமாயின் மலாயா ஆறாண்டுகள் முந்திக்கொண்டது எவ்வாறு? கட்டுரை பிறப்பது இந்த இடத்தில்தான். ரப்பர்த் தோட்டங்கள் பெருகி ஆள் தேவை ஏறியதை மாணவர் காண்கிறார். 1907-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகளிடம் வரி தண்டி, அந்நிதியிலிருந்து கப்பற்செலவு கொடுக்கப்பட்டதையும் காண்கிறார். செலவு பொதுநிதிக்குப் போனபின், தொழிலாளரை ஒப்பந்தத்தால் கட்டிவைத்து அதனை மீட்க வேண்டிய தேவை குறைந்தது. கங்காணி தன் ஊருக்கே சென்று உற்றாரை அழைத்துவரும் முறை தோட்டத்தாருக்கு வசதியாயிற்று. எனவே அவருடைய துணிபு இவ்வாறு அமையலாம்: ‘கண்டனம் ஒப்பந்த முறைக்கு இழுக்கை உண்டாக்கியது, 1910-இல் அதனைக் கைவிடச் செய்தது தோட்டக் கணக்கு.’

இதனை ஒருவர் மறுக்கவும் கூடும். மறுக்க இடமிருப்பதே நல்ல துணிபின் அடையாளம். ‘தொழிலாளர் மிகவும் துன்புற்றனர்’ என்பது உண்மை. அதனை யார் மறுக்கப் போகிறார்? மறுப்பாரில்லாத கூற்றை நிலைநாட்டக் கட்டுரை வேண்டுவதில்லை. கிளர்ச்சியின் வலிமையைக் காட்டும் ஆவணம் கிடைத்தால் அதனை மறைப்பது நேர்மையன்று. கடைசிப் பக்கத்தில் ஒட்டவைப்பதும் பயன்படாது. நடுவிலே தனிப் பத்தியில் வைத்து எடைபோட்டு, தேவையாயின் துணிபையே திருத்திக்கொள்ளல் வேண்டும்.

மாணாக்கர் பலர் முன்னுரையிலேயே மூன்று நாள் தங்கிவிடுகின்றனர். உலகம் தோன்றிய நாள்தொட்டு எனத் தொடங்கி, கருத்து வரவேண்டிய இடத்தில் களைத்துப்போகின்றனர். நன்னூலார் சொன்ன ‘சென்று தேய்ந்திறுதல்’ இதுவேயாம். நம் பழைய நூல்களின் சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் பாடுவதில்லை. அவருடைய ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ பாடுவதே மரபு. முன்னே நிற்பது பின்னே பிறந்தது! கட்டுரையின் உடலை முதலில் எழுதி, என்ன சொன்னோம் என்று கண்டபின் முன்னுரைக்கு வருதல் நலம்.

முதற்படி முடிந்ததும் இரண்டு நாள் அதனைத் தொடாதிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வேறொரு தாளில் வரிசையாக எழுதிப் படிக்க வேண்டும். வாதம் தொடர்ந்து ஓடினால் அமைப்புச் சரி. இரு வாக்கியங்கள் ஒன்றையே சொன்னால் ஒரு பத்தி மிகை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ நேர்ந்தால் இடையில் ஒரு சான்று குறைகிறது.

சான்று என்றதும் ஒரு சிறு செய்தி. நூலிலிருந்து குறிப்பெடுக்கும்போதே ஆசிரியர் பெயரையும் பதிப்பாண்டையும் பக்க எண்ணையும் உடன் எழுதிவிட வேண்டும். பிறர் சொல்லை அப்படியே எடுத்தால் அப்பொழுதே மேற்கோட்குறி இட்டுவிட வேண்டும். ஒரு மாதம் கழிந்தபின் எது நூலின் வாக்கியம், எது தம் வாக்கியம் என்று எழுதியவருக்கே தெரியாமற்போகும்.