ஊரும் உடம்பும் – 14: ஊசிக்குப் பிறகு ஓராண்டு

நெய்வேலிச் சுரங்கத்து வெண்களிமண் விருத்தாசலத்தைப் பீங்கான் ஊராக்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அந்த மண்ணைக் கையாளும் கைகளைப் பார்ப்போம். பிளாஸ்டர் அச்சில் கரைசலை ஊற்றுவது, அச்சைத் தூக்கிக் கவிழ்ப்பது, பொம்மையின் பிசிறைச் சீவி ஈரப் பஞ்சால் துடைப்பது என எல்லாமே கட்டைவிரலையும் மணிக்கட்டையும் நாள் முழுக்க ஒரே அசைவில் வாட்டும் வேலைகள். கட்டைவிரல் அடியில் தசைநாண் உறை வீங்குவதும், மடக்கிய விரல் நிமிராமல் பூட்டிக்கொள்வதும், முழங்கையின் வெளிப்புறம் வலிப்பதும் இத்தகைய வேலைகளோடு வருபவை. தினக்கூலிக்காரருக்கு ஓய்வெடு என்ற அறிவுரையைவிட ஒரு ஸ்டீராய்டு ஊசி மலிவாகத் தெரிவதில் வியப்பில்லை. அந்த ஊசியைப் போட மருத்துவர்களை எப்படிப் பழக்குவது என்பதே என் கேள்வி.

1951-இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஹாலண்டர் மூட்டுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்திக் கண்ட பலனை வெளியிட்டதிலிருந்து இந்தச் சிகிச்சை உலகெங்கும் பரவியது. கைவேலையாக இதைக் கற்பிப்பது பெரும்பாடல்ல. செயற்கைத் தோள், செயற்கை முழங்கால் என்று மாதிரிகளை வைத்து இரண்டு நாள் பட்டறையில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பட்டறை நோயாளியை மறுபடி பார்ப்பதில்லை, கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் டென்னிஸ் எல்போ எனப்படும் அந்த முழங்கை வெளிப்புற வலி உள்ள 165 பேரிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நான்காவது வாரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் நன்றாக இருந்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 54 சதவீதத்தினருக்கு வலி திரும்பியிருந்தது. வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களில் 12 சதவீதத்தினருக்கே திரும்பியது. முதல் மாதத்தை மட்டும் பார்க்கும் மருத்துவர், தான் குணப்படுத்திவிட்டதாகவே நம்புவார், அடுத்தவருக்கும் போடுவார். எனவே ஊசிப் பயிற்சியின் காலம் ஊசியின் விளைவு தெரியும் காலத்துக்குக் குறையக்கூடாது.

அப்படியானால் ஊசியே வேண்டாமே என்று கேட்கலாம். முழங்கால் தேய்மானத்தைப் பொறுத்தவரை கேள்வியில் நியாயம் உண்டு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டுப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில் வலி உப்புநீர் ஊசியைவிடக் குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது. ஆனால் பூட்டிக்கொள்ளும் விரலும் கட்டைவிரல் உறை வீக்கமும் வேறு வகை. பலருக்கு அங்கே ஓர் ஊசி அறுவைச் சிகிச்சையையே தவிர்த்துவிடுகிறது. ஒரே கையில் முழங்கைக்கு மறுக்கவும் விரலுக்குப் போடவும் தெரிந்திருப்பதுதான் தேர்ச்சி, அது மாதிரி பொம்மையில் கைகூடாது. ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் உள்ள மாநிலம் நம் தமிழ்நாடு. ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்று சொல்லி அனுப்பாத மருத்துவர், முனையை எவ்வளவு துல்லியமாக வைத்திருந்தாலும் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். மருந்து தோலடியில் கசிந்தால் மணிக்கட்டில் வெள்ளைத் திட்டு விழும். நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும், வெண்குஷ்டமோ என்ற வீண்பேச்சும் கிளம்பும்.

ஸ்கேன் கருவியில் பார்த்துப் போட்டால் பிழை நேராதே, அதைப் பெரிய ஆஸ்பத்திரி நிபுணர்களுக்கு விட்டுவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. அனுபவமிக்க ஒரே எலும்பு மருத்துவர் ஸ்கேன் பார்க்காமல் முழங்காலில் போட்ட 240 ஊசிகளைச் சரிபார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வில், சிப்பியெலும்பின் வெளிப்பக்கத்திலிருந்து போனவை 93 சதவீதம் மூட்டுக்குள் சேர்ந்தன, முன்பக்க வழிகளில் 71 முதல் 75 சதவீதமே சேர்ந்தன. வழியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதித் துல்லியம் கிடைத்துவிடுகிறது. தோள்வலிக்கு ஸ்கேன் பார்த்துப் போடுவதால் பெரிய கூடுதல் பலன் இல்லை என்பது காக்ரேன் தொகுப்பாய்வின் முடிவு. மேலும் கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் ஸ்கேன் கருவிக்கும் அது இருக்கும் இடத்துக்கும் பதிவு கட்டாயம். சட்டம் தேவையானதே, ஆனாலும் அதன் நிழலில் கையடக்கக் கருவி புறநோயாளி அறைக்கு எளிதில் வராது. சிதம்பரம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும், ஓராண்டுக்குள் நான்கு முறை போக யாருக்கு முடியும்?

ஆகவே இந்தப் பயிற்சிக்கு ஏற்ற இடம் விருத்தாசலம் அரசு மருத்துவமனை போன்றதுதான் என்பேன். செராமிக் தொழிலுக்கென்றே அரசுக் கல்வி நிலையம் வைத்திருக்கும் ஊருக்கு, கைப்பழக்கம் வகுப்பறையில் மட்டும் வராது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஊசி போட்டுக்கொண்டவர் அதே பீங்கான் பட்டறையில் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார். ஆறாவது வாரமும் ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் கூப்பிட்டுப் பார்க்கலாம். மருத்துவர்கள் இடமாற்றலில் போய்விடுவார்களே என்பது உண்மையான தடை. அதற்கு, ஊசி போட்டுக்கொண்டவர்களின் பதிவேடு இயன்முறை மருத்துவரிடம் இருக்கட்டும். பிரிட்டனில் 1990-களிலிருந்தே உரிய பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள் தாங்களே ஊசி போடுகிறார்கள். இங்கே அந்த உரிமை இல்லாவிட்டாலும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவர்கள் வீடுவரை போகிறார்கள். போன மருத்துவர் போட்ட ஊசி என்ன ஆயிற்று என்று வந்த மருத்துவர் அந்தப் பதிவேட்டில் படித்த பிறகே, தன் முதல் ஊசியைக் கையில் எடுக்கட்டும்.

(தொடரும்)