மாஸ்க்கில் உள்ள ஓட்டையை அடைக்கலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: “தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறது என்று என் வீட்டுக்காரருக்கு டாக்டர் சிபாப் மெஷின் எழுதிக் கொடுத்தார். குறட்டை போய்விட்டது. ஆனால் ராத்திரி முழுக்க அந்த மாஸ்க்கிலிருந்து என் முகத்தில் காற்று அடிக்கிறது. ஓட்டைமேல் டேப் ஒட்டிவிடலாமா?”

கூடவே கூடாது, அம்மா. அது பழுதில் விழுந்த ஓட்டை அல்ல, வேண்டுமென்றே வைத்தது. சிபாப் மெஷின் அழுத்தத்தோடு காற்றை மாஸ்க்குக்குள் அனுப்புகிறது; இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே குழாய். விட்ட மூச்சு அதில் தேங்கி, கார்பன் டை ஆக்சைடோடு மறுபடி உள்ளே போகாமலிருக்க, காற்று எந்நேரமும் வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

வரலாறு இல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார்: சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இந்தச் சிகிச்சையை உருவாக்கி, 1981-ல் ‘லான்செட்’ இதழில் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு எழுதினார். ஆரம்ப கால மெஷினுக்குக் காற்று தந்தது வாக்குவம் கிளீனர் மோட்டார். போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். மெஷின் 10 சென்டிமீட்டர் நீர் உயர அழுத்தத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். துளை வழியே காற்று எவ்வளவு வேகத்தில் பாயும்? உராய்வைக் கழிக்காமல் போட்டால் நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர்! துளை பெரிதோ சிறிதோ, வேகம் மாறாது. அதைத் தீர்மானிப்பது அழுத்தம் மட்டுமே. நிமிடத்துக்கு 30 லிட்டர் வெளியேற வேண்டுமானால், 4 மில்லிமீட்டர் துளை ஒன்று போதும். 1 மில்லிமீட்டர் துளை பதினாறு வைத்தாலும் அதே கணக்குதான். அதே காற்று, அதே வேகம். ஆனாலும் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

துளையிலிருந்து கிளம்பும் காற்றை, சம்பளப் பணத்தோடு தெருவில் இறங்கும் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். பணம்தான் உந்தம். தெருவில் சும்மா நிற்கும் அறைக்காற்று அத்தனையும் சொந்தக்காரர்கள். தோளில் உரசுகிறவர்களெல்லாம் பங்கு வாங்கிக்கொண்டு கூடவே நடக்கிறார்கள். மொத்தப் பணத்தில் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் தலைக்குக் கிடைப்பது தேய்ந்துகொண்டே போகிறது. 4 மில்லிமீட்டர் ஆசாமி பெரும் பணக்காரர், சுற்றி நிற்க இடமோ கொஞ்சம். 30 சென்டிமீட்டர் தள்ளிப் போன பிறகும் அவர் கையில் நொடிக்கு 3 மீட்டர் வேகம் மிச்சம் இருக்கும். அதே சொத்தைப் பதினாறு பேருக்குப் பிரித்துவிட்டால், உரசுகிற விளிம்பு நான்கு மடங்கு. அதே தூரத்தில் ஒவ்வொருவரிடமும் மிஞ்சுவது நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. பதினாறு பேரும் தோளோடு தோள் சேர்ந்து நடந்தால் மட்டும் பலிக்காது. சற்றுத் தூரத்தில் ஒரே கூட்டமாகி, பழைய பணக்காரராகவே மாறிவிடுவார்கள். அதனால்தான் நல்ல மாஸ்க்கில் துளைகள் விசிறி மாதிரி ஆளுக்கொரு திசை பார்க்கின்றன.

வலை, பஞ்சு வைத்த மாஸ்க்குகளில் நடப்பது வேறு. அங்கே சம்பளம் கைக்கு வரும் முன்பே வரிப்பிடித்தம்! நுண்ணிய இடுக்குகளில் உராய்ந்தே அழுத்தம் வெப்பமாகிக் கரைகிறது. பத்து சதுர சென்டிமீட்டர் பரப்பு வழியே 30 லிட்டரும் பரவி வந்தால், வேகம் நொடிக்கு அரை மீட்டர்தான். (உவமையை இதற்கு மேல் இழுத்தால் வருமான வரித்துறை கோபித்துக்கொள்ளும்.)

இந்தக் கணக்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒற்றைத் துளைத் தாரை 30 சென்டிமீட்டர் போவதற்குள் சுற்றியுள்ள காற்றை இழுத்து இழுத்து இருபது மடங்குக்கு மேல் பெருத்துவிடும். உங்கள் முகத்தில் அடிப்பதில் பெரும்பகுதி வீட்டுக்காரரின் மூச்சே அல்ல. உங்கள் அறைக் காற்றுதான். அறையில் ஏசி ஓடினால் அது சில்லென்றும் இருக்கும்.

“அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் போச்சு” என்று சொல்லும் நண்பர்களை நம்பாதீர்கள். வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10-ஐ 8 ஆக்கினால் வேகம் பத்தில் ஒரு பங்குதான் குறையும்; சிகிச்சையோ கெட்டுப்போகலாம். அது டாக்டரின் வேலை. ‘சத்தமே இல்லை, காற்றே இல்லை’ என்று வரும் விளம்பரங்களும் அப்படித்தான். காற்றே வராத மாஸ்க் என்றால் நான் பயப்படுவேன். மேலே ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துண்டுகளை யாராவது தனியாக விற்றால் வாங்காதீர்கள். அவை எவ்வளவு காற்றைத் தடுக்கின்றன என்பது மாஸ்க் செய்தவருக்கே தெரியாது.

முதலில் ஒன்றைப் பாருங்கள். காற்று துளையிலிருந்துதான் வருகிறதா, மாஸ்க் விளிம்பிலிருந்து கசிகிறதா? விளிம்பில் விரலை வைத்தாலே தெரிந்துவிடும். கசிவுக்கு மருந்து பட்டையைச் சரிசெய்வதும் அளவு மாற்றுவதும்தான். துளைதான் என்றால், சில மாஸ்க்குகளில் குழாய் சேரும் முழங்கை வடிவ இணைப்பு சுழலும். அதில்தான் துளைகளும் இருக்கும். அதைக் கூரையை நோக்கித் திருப்பிவிடலாம். இருவருக்கும் நடுவே ஒரு தலையணையை நிறுத்தலாம், துளையைத் தொடாத தூரத்தில். அவர் ஒருக்களித்துப் படுத்துத் தன் தலையணையிலேயே காற்று மோதித் திரும்பினால், இரண்டு விரல்கடை தள்ளிப் படுக்கச் சொல்லுங்கள். தூரம் இரட்டித்தால் வேகம் பாதியாகும்.

இத்தனையும் பலிக்காவிட்டால், அடுத்த முறை மாஸ்க் மாற்றும்போது வலை வைத்ததைக் கேளுங்கள். ஈரமும் அழுக்கும் ஏறினால் வலை அடைபடும். அதை எப்படிக் கழுவுவது, எப்போது மாற்றுவது என்று பெட்டியிலுள்ள கையேட்டில் இருக்கும்.