காட்டுத்தீக்குப் பின் பைன் காடுகளின் மீளுருவாக்கம்

கடுமையான காட்டுத்தீ மர உச்சிகள் வரை பரவிப் பெரும்பாலான மரங்களைக் கொன்ற பின்னர், அவ்விடத்தில் பைன் காடு மீண்டும் தோன்றுவது மீளுருவாக்கம் எனப்படும். இது இயல்பாகவும் நிகழலாம், நாற்று நடுவதாலும் நிகழலாம். கேனரித் தீவுப் பைன் போன்ற சில இனங்கள் தவிர, பெரும்பாலான பைன்கள் எரிந்த பின் துளிர்ப்பதில்லை. ஆகவே விதை எங்கிருந்து வரும் என்பதைப் பொறுத்தே காட்டின் எதிர்காலம் அமைகிறது.

இயல்பான மீளுருவாக்கம்

ஐக்கிய அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1988 ஆம் ஆண்டு ஏற்பட்ட தீ, பூங்காவின் பரப்பில் சுமார் 36 விழுக்காட்டைப் பாதித்தது. பூங்கா அழிந்துவிட்டது என்ற கருத்து அப்போது பரவலாக இருந்தது. அது மிகையான கருத்தாகும். அங்கு மிகுதியாகக் காணப்படும் லாட்ஜ்போல் பைன் மரங்கள் பலவற்றின் கூம்புகள் பிசினால் மூடப்பட்டு, பல ஆண்டுகள் விதைகளைக் காத்து வைக்கின்றன. தீயின் வெப்பத்தில் பிசின் உருகிக் கூம்புகள் திறக்க, விதைகள் சாம்பல் படிந்த மண்ணில் விழுகின்றன. தாய்மரம் இறந்தாலும் விதை பிழைக்கிறது. காட்டை எவரும் மீள நடாமலேயே, சில இடங்களில் ஒரு ஹெக்டேருக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் முளைத்தன. மூடிய கூம்புகள் அரிதான உயர்நிலப் பகுதிகளில் கன்றுகள் குறைவாகவே இருந்தன.

இத்திறனுக்கும் எல்லை உண்டு. 1988 க்குப் பின் வளர்ந்த இளங்காடுகள் சில 2016 இல் மீண்டும் எரிந்தன. போதிய விதை சேரும் முன்பே எரிந்ததால், அங்கு முளைத்த கன்றுகள் முன்னைவிட மிகக் குறைவு.

மீள்நடுகை

பாண்டரோசா பைனின் நிலை வேறு. அதன் தடித்த பட்டை தரையோடு பரவும் சிறு தீயைத் தாங்கும். ஆனால் மூடிய கூம்புகள் அதற்கு இல்லை. உயிருள்ள மரத்திலிருந்து இருநூறு மீட்டருக்கு அப்பால் அதன் கன்றுகள் அரிதாகவே தோன்றும். கொலராடோ மாநிலத்தில் 2002 இல் ஏற்பட்ட ஹேமன் தீ சுமார் 56,000 ஹெக்டேர் நிலத்தில் பரவியது. அதன் உட்பகுதிகளில் விதை தரும் மரங்களே எஞ்சாத பெரும் பரப்புகள் உருவாயின. அவற்றில் பல இன்றும் புல்லும் புதருமாகவே உள்ளன. அந்நிலம் டென்வர் நகருக்குக் குடிநீர் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதியும் ஆகும். வெற்றுச் சரிவுகளிலிருந்து அரிக்கப்படும் மண் நீர்த்தேக்கங்களை அடைவதால், அங்கு நாற்றுகள் நடப்பட்டன.

நடுகைக்கு அதே உயரத்திலும் தட்பவெப்பத்திலும் வளர்ந்த மரங்களின் விதையே ஏற்றது. வறண்ட தெற்குச் சரிவுகளில் நட்டவற்றுள் பல பிழைப்பதில்லை. இடைவெளியின்றி வரிசையாக நட்டால், சில ஆண்டுகளில் அத்தோட்டமே அடுத்த தீக்குத் தொடர்ச்சியான எரிபொருளாகிவிடும். எனவே இடைவெளி விட்டுச் சிறு குழுக்களாக நடும் முறையும் பின்பற்றப்படுகிறது. இயல்பாகக் கன்றுகள் நிறைந்த இடத்தில் நடுவது வீண் செலவு. கருகிய மரங்களை அகற்ற இயந்திரங்களை இறக்கினால், முளைத்த கன்றுகளும் நசுங்கக்கூடும்.