பிளான் போடுமுன் கிராண்டைப் பாருங்கள்

வீடு கட்ட வேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தைத்தான். எத்தனை ரூம், மாடி வேண்டுமா என்பதெல்லாம் பிறகு. கிள்ளானில் கடைவீட்டு மாடியில் ஆபீஸ் வைத்து, பதிவு பெற்ற கட்டட வரைவாளராகத் தொழில் செய்கிறேன். தாமான் வீட்டில் சமையலறையை நீட்டுகிறவர்களும் வருவார்கள், பந்திங் பக்கம் நிலம் வாங்கித் தனிவீடு கட்ட ஆசைப்படுகிறவர்களும் வருவார்கள். பின்னால் சொன்னவர்களில் பலர் முகம் வாடித்தான் திரும்புகிறார்கள்.

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மகனோடு வந்தார். இபிஎஃப் பணத்தில் ஒரு லாட் வாங்கியிருந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து கிராண்ட் நகலை எடுத்து மேசையில் விரித்தார்.

“மூணு ரூம், முன்னால கார் போர்ச், ஒரு சாமி ரூம். அவ்வளவுதாம்மா.”

தாளில் நிலப் பயன்பாட்டு வகை ‘பெர்தானியான்’ என்று இருந்தது, அதாவது விவசாயம். பரப்பு ஒரு ஏக்கர். உரிமையாளர் பட்டியலில் பத்துப் பெயர்கள். அவர் பெயருக்கு நேரே 1/10.

“ஐயா, இதுல உங்க இடம் எது?”

“முனையில, சாக்கடை ஓரம். வேலி போட்டிருக்கேன்மா.”

“வேலி இருக்குங்கய்யா. ஆனா அந்த முனை உங்களுதுன்னு கிராண்ட்ல இல்லியே.”

மகன் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பத்தில் ஒன்று 4,356. கேட்க நல்ல மனையாகத்தான் இருக்கும். ஆனால் அது பிரிக்கப்படாத பங்கு. வேலிக்குள் இருக்கும் மண்ணிலும் மற்ற ஒன்பது பேருக்கு உரிமை உண்டு. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்குக் கீழே துண்டு போட முடியாது. அது ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஆகவே விவசாய நிலமாக இருக்கும்வரை அந்த ஏக்கருக்குப் பத்துத் தனிக் கிராண்ட் கிடைக்காது. நில வகையைக் கட்டடத்துக்கு மாற்ற மனு போடலாம். அதற்குப் பத்துப் பேரும் கையெழுத்துப் போட வேண்டும், மாநில அரசுக்குப் பிரிமியம் கட்ட வேண்டும். பத்தில் ஒருவர் இறந்து வாரிசு விவகாரம் முடியாமல் கிடந்தால் எல்லாமே நின்றுவிடும். அந்தப் பெரியவரை வக்கீலிடம் அனுப்பினேன். அவருக்கு நான் ஒரு கோடுகூட வரையவில்லை.

விவசாய நிலம் முழுவதும் ஒருவர் பெயரிலேயே இருந்தால் கதை வேறு. தான் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஊராட்சி மன்றத்தின் அனுமதி அப்போதும் வேண்டும்.

எந்த மன்றம்? கிள்ளான் என்றால், 2024 பிப்ரவரி 5 முதல் அரச மாநகர் மன்றம். பந்திங் என்றால் கோல லங்காட் நகராண்மைக் கழகம். சிலாங்கூரில் முதலில் 1976ஆம் ஆண்டு சட்டப்படி திட்டமிடல் அனுமதி, அடுத்து 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி கட்டட பிளான் அனுமதி. பிரிக்பீல்ட்ஸ் போன்ற கோலாலம்பூர் பகுதிகளுக்கு அங்குள்ள மாநகராட்சியான டிபிகேஎல், திட்டமிடலுக்கு 1982ஆம் ஆண்டின் தனிச் சட்டம். விண்ணப்பம் மன்றத்தின் ஒரே இட மையமான ஓஎஸ்சி வழியாகப் போகும். பொம்பா (தீயணைப்பு), வடிகால் இலாகா போன்ற இலாகாக்களின் கருத்தை அந்த மையமே கேட்டு வாங்கும். வீட்டுக்காரர் தானே பிளானை சப்மிட் செய்ய முடியாது. ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் அல்லது பதிவு பெற்ற வரைவாளர்தான் செய்ய வேண்டும். எங்களைப் போன்ற வரைவாளர்களுக்கு இரண்டு மாடி, 300 சதுர மீட்டர்தான் எல்லை.

“நம்ம நிலம், நம்ம காசு. எதுக்கு மன்றத்துக்கிட்ட கேக்கணும்?” இந்தக் கேள்வியைக் கேட்காதவர் குறைவு. 1881இல் கோலாலம்பூரின் மர, அத்தாப்பு வீடுகளைத் தீ தின்றது. அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. அதன் பிறகு ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹம், செங்கல்லாலும் ஓட்டாலும்தான் கட்ட வேண்டும் என்று விதித்தார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ்.

இன்றைய விதிகளும் அப்படிக் காரணத்தோடு வந்தவைதான். கட்டட உபவிதிகளின்படி குடியிருக்கும் அறையின் ஜன்னல், தரைப்பரப்பில் பத்து சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 100 சதுர அடி ரூமுக்கு 10 சதுர அடி ஜன்னல். டெரஸ் வீட்டில் சமையலறையைப் பின்சுவர்வரை நீட்டினால் பின் ரூமின் ஜன்னல் சமையலறைக்குள் திறக்கும். வெளிச்சம் போய்விடும், தாளிப்புப் புகை படுக்கைக்கு வரும். பெர்மிட் எடுக்காமல் இடித்துக் கட்டிய பல வீடுகளில் நான் பார்ப்பது இதைத்தான்.

மன்றத்தின் முத்திரை விழுந்துவிட்டால் வீடு உறுதி என்று நினைப்பதும் தவறு. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் ஒரு பிளாக் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பக்கத்து பிளாக்குகளில் இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2006இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவைக் காட்டி, ஊராட்சி மன்றத்துக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதோடு, 2007 ஏப்ரல் 12 முதல், குடிபோகும் சான்றிதழான சிசிசியை மன்றம் தருவதில்லை. பிளானை சப்மிட் செய்தவரே கையெழுத்திட்டுத் தருகிறார். அஸ்திவாரம், வடிகால், கூரை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஜி1 முதல் ஜி21 வரை பாரங்கள் உண்டு. அந்த வேலையைச் செய்தவரும் மேற்பார்த்தவரும் அதில் கையெழுத்துப் போடுவார்கள். வீட்டுக்காரர்கள் அந்தப் பாரங்களின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அனுமதி இல்லாமல் கட்டினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கட்டியதை இடிக்கச் சொல்லவும் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. திட்டமிடல் அனுமதி கிடைத்த பிறகு 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அது காலாவதியாகும். ஆகவே பணம் தயாராகாமல் அவசரப்பட்டு விண்ணப்பிப்பதும் வீண்.

நிலத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்துக்குப் போய் அந்தக் கிராண்டைத் தேடிப் பாருங்கள். வகை என்ன, எத்தனை பெயர், தடை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்ற மூன்றையும் படியுங்கள். தேடலுக்கு ஆகும் செலவு சொற்பம். விற்பவர் “எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க” என்று சொன்னால், அந்த எல்லாரில் ஒருவருடைய சிசிசியைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த நிலத்தை வாங்காதீர்கள்.