ஒரே ஹார்மோனுக்கு இரண்டு மரபணு: மீன்களுக்கு எப்படி வந்தது? நமக்கு என்ன பயன்?

கரோல் பாக் பக்கம் தங்கியிருக்கும் தமிழர்களுக்கு நல்ல நெத்திலி வேண்டுமென்றால் ஊருக்குத்தான் போக வேண்டும். இங்கே சுலபமாகக் கிடைப்பது ரோகு, கட்லா மாதிரியான ஆற்று மீன்கள்தான். அந்த மீனுக்கும் அதைச் சாப்பிடும் நமக்கும் மரபணுக் கணக்கில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு.

நம் உடலில் இன்சுலினுக்கு ஒரே ஒரு மரபணுதான். ரோகுவுக்கு உறவான, கங்கைப் படுகையில் வாழும் வரிக்குதிரை மீனுக்கு இரண்டு. பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் ஹார்மோனிலும் இதே கதைதான்: நமக்கு ஒன்று, அதற்கு இரண்டு.

இது எப்படி நடந்தது?

சுமார் 32 முதல் 35 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதையான மீனில் மொத்த மரபணுத் தொகுதியும் இரட்டிப்பானது. ஒரு புத்தகத்தில் சில பக்கங்கள் இல்லை, முழுப் புத்தகமே இரண்டு பிரதியாகிவிட்டது மாதிரி.

தடயம் இன்றும் இருக்கிறது. உடலின் தலை முதல் வால் வரையிலான அமைப்பை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் மனிதனில் 4 கொத்துகளாக உள்ளன. வரிக்குதிரை மீனில் 7. எட்டாகி, பிறகு ஒன்று போய்விட்டது. சில இனங்களில் இது மறுபடியும் நடந்திருக்கிறது. ரோகுவுக்கு 50 குரோமோசோம்கள் என்றால், காமன் கார்ப் எனப்படும் சாதாக் கெண்டைக்கு 100.

அப்படியென்றால் எல்லா மரபணுவும் இரண்டா?

இல்லை. மனிதனில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. வரிக்குதிரை மீனில் சுமார் 26,000 தான். உபரிப் பிரதிகளில் பெரும்பாலானவை காலப்போக்கில் பழுதாகி மறைந்துவிட்டன. அப்போ மிச்சம் இருப்பவை ஏன் தப்பித்தன?

சுசுமு ஓனோ என்ற அறிவியலாளர் 1970-ல் ஒரு விளக்கம் தந்தார். ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்வதால், இன்னொன்று தாராளமாக மாறலாம், அபூர்வமாகப் புது வேலையும் கற்கலாம் என்பது அது. 1999-ல் வேறொரு விளக்கமும் வந்தது: வேலைப் பங்கீடு.

ஆபீஸ் உதாரணம் ஒன்று. கணக்கையும் ஆள் எடுக்கும் வேலையையும் ஒருவரே பார்க்கிறார். அதே திறமையுள்ள இன்னொருவர் வந்து சேர்கிறார். கொஞ்ச நாளில் ஒருவருக்குக் கணக்கு மறந்துபோகிறது, மற்றவருக்கு ஆள் எடுப்பது மறந்துபோகிறது. இனி யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது!

அரோமட்டேஸ் இதற்கு நல்ல சான்று. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தயாரிக்கும் நொதி இது. நமக்கு இதற்கு ஒரே மரபணுதான். சினைப்பை, மூளை, கொழுப்பு என ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி 'சுவிட்ச்' வைத்துச் சமாளிக்கிறது. வரிக்குதிரை மீனில் இரண்டு பிரதிகள். ஒன்று முக்கியமாகச் சினைப்பையில் வேலை செய்கிறது, மற்றொன்று மூளையில்.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

மூளைக்கான அந்தப் பிரதி ஈஸ்ட்ரோஜன் பட்டாலே சட்டென விழித்துக்கொள்ளும். இந்தக் குணத்தைத்தான் விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். அந்த மரபணுவின் சுவிட்சோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்த மீன் கருக்களைச் சோதிக்க வேண்டிய வேதிப்பொருள் கலந்த நீரில் விடுகிறார்கள். அது ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்பட்டால் மூளையில் பச்சை ஒளி கூடும். 2021-ல் ஓ.இ.சி.டி. அமைப்பு இதை அதிகாரபூர்வ பரிசோதனை முறையாக ஏற்றது.

ஏன் இவ்வளவு அக்கறை? கனடாவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனைச் சோதனைக்காகக் கலந்தார்கள். அளவு லிட்டருக்கு 5-6 நானோகிராம், அதாவது ஒரு கிராமின் 100 கோடியில் ஐந்தாறு பங்கு. ஆண் மீன்கள் முட்டைக்கான புரதத்தைச் சுரக்கத் தொடங்கின. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீன் அந்த ஏரியில் கிட்டத்தட்ட அழிந்தே போனது. நாம் விழுங்கும் மருந்துகளின் மிச்சம் கழிவுநீரில்தான் போய்ச் சேருகிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் ஹார்மோன்களை நீக்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

இன்னொரு பக்கம், மருத்துவம். மனித நோய்களை ஆராய உலகம் முழுக்க வரிக்குதிரை மீன் பயன்படுகிறது. டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி. நிறுவனம் 2009-ல் இந்தியக் காட்டு வரிக்குதிரை மீனின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தியது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்காவது இந்த மீனில் இணை உண்டு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரு பிரதியை முடக்கிவிட்டு "மீனுக்கு ஒண்ணும் ஆகலை, இந்த மரபணு முக்கியமில்லை" என்று முடிவு கட்டிவிட முடியாது. மற்ற பிரதி சத்தமில்லாமல் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நம்மிடம் மாற்று ஆள் இல்லை. அதனால் மீனில் பாதுகாப்பாகத் தெரியும் மருந்து மனிதனுக்கும் பாதுகாப்பா என்று கேட்பதற்கு முன், இரண்டு பிரதிகளையும் சேர்த்துப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.