கோடைக் கூடைப்பந்துப் போட்டி

1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் வகுத்த கூடைப்பந்தாட்டத்தை, காற்றாலைகள் சூழ்ந்த கயத்தாற்றிலே நாமும் ஆடுகின்றோம். எறிந்த பந்தைக் காற்றே விலக்கிவிடுதலும் உண்டு. நிற்க. அவ்வாட்டத்தையே தொழிலாகக் கொள்ள விழையும் இளைஞர் படும் பாட்டினை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

அமெரிக்கப் பெருங்கழகமாகிய என்.பி.ஏ.யில் உள்ள அணிகள் 30. ஓரணியில் முழு ஒப்பந்தம் பெறுவோர் 15 பேரே. ஆண்டுதோறும் அவ்வணிகள் புதிய இளைஞரை முறைவைத்துத் தெரிந்தெடுக்கும். தெரியப்பட்டவர் யாவர்க்கும் இடம் உறுதியென்று கருதற்க. இரண்டாஞ் சுற்றில் தெரியப்பட்டோரும், அறவே தெரியப்படாதோரும், லாஸ்வேகாஸ் நகரில் சின்னாள் நடைபெறும் கோடைப் போட்டியில் பயிற்றுநர் கண்முன் தம் திறம் காட்டல் வேண்டும். அணியில் எஞ்சி நிற்பனவோ ஓரிரண்டு இடங்களே!

பஞ்சாபிலுள்ள பல்லோ கே என்னும் சிற்றூரினர் சத்னாம் சிங். உயரம் 7 அடி 2 அங்குலம். 2015-இல் டல்லாஸ் அணியினர் அவரை 52-ஆவதாகத் தெரிந்தனர். இந்தியாவிற் பிறந்தாருள் இப்பேறு முதன்முதல் பெற்றவர் அவரே. அக்கோடையில் லாஸ்வேகாஸில் ஆடியும் பேரணியில் இடம் வாய்த்திலது. துணைக் கழகத்து டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணியிலேயே ஆடினார். நெடியோரினும் தொலைவினின்று குறிதவறாது எறியும் விரைவுடையோரையே அணிகள் நாடத் தொடங்கிய காலம் அது; உயரம் ஒன்றே போதாதாயிற்று. 2021-இல் பிரின்ஸ்பால் சிங் கோடைப் போட்டியில் வாகை சூடிய சாக்ரமெண்டோ குழுவில் இருந்தார். அவரும் பெருங்கழகத்தில் ஆடினாரல்லர்.