புரட்டாசிக்கு முன் போட வேண்டிய ஊசி

ஃப்ளூவைக் குளிர்நாட்டு நோய் என்று நினைப்பவர்கள், சித்தூருக்கு நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் வேலூரைப் பார்க்க வேண்டும். இந்திய நகரங்கள் பலவற்றில் எடுத்த மாதிரிகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, டெல்லி, புனே, கொல்கத்தா போன்ற ஊர்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம் தொடும் ஃப்ளூ, சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில்தான் ஏறுகிறது என்று காட்டியது. அதே வடகிழக்குப் பருவமழையில் நனையும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கும் இந்தக் கணக்கே பொருந்தும் என்று கொள்ளலாம். அந்த ஏற்றத்தை ஒட்டித்தான் திருமலையின் பிரம்மோற்சவமும் புரட்டாசிச் சனிக்கிழமைகளும் வருகின்றன. சாதாரண நாளிலேயே 60,000 பேருக்கு மேல் ஏறும் திருமலையில், ஃப்ளூ இன்னும் ஓயாத வடக்கிலிருந்து வந்தவர்களும் தமிழ்நாட்டுப் பக்தர்களும் வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸின் கம்பார்ட்மென்ட்களில் மணிக்கணக்கில் அடைந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்கு, வைரஸின் பல வகைகளையும் தடுக்கும் பரந்த தடுப்பூசிதான் தேவை. இன்றைய ஊசி ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, அடுத்த பருவத்தில் எந்த வகைகள் சுற்றும் என்று கணித்துச் சொல்கிறது. ஊசி குறிவைப்பது வைரஸின் மேற்புரதத்தின் தலைப்பகுதியை. அடிக்கடி உருமாறுவதும் அதுவே. கணிப்பு பொருந்திய ஆண்டில் 40 முதல் 60 சதவீதம் வரை பாதுகாப்பு கிடைக்கும். பொருந்தாத 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் அது 19 சதவீதமாகச் சரிந்தது. அதனால்தான் அதிகம் மாறாத தண்டுப்பகுதியைக் குறிவைக்கும் ஊசிகளை விஞ்ஞானிகள் சோதித்துவருகிறார்கள். நாடெங்கிலுமிருந்து வைரஸ் வந்து சேரும் திருப்பதிக்கு, அந்த ஊசியால் மற்ற ஊர்களைவிடக் கூடுதல் பயன் உண்டு.

அந்த ஊசி வரும்வரை, பாதிப் பலன் தரும் இன்றைய ஊசி எதற்கு என்று கேட்பார்கள். சாதாரணச் சளிக்காய்ச்சல்தானே என்பார்கள். 2015-இல் மட்டும் இந்தியாவில் 42,000-க்கும் மேற்பட்டோருக்குப் பன்றிக்காய்ச்சல் உறுதியானது. ஏறக்குறைய 2,990 பேர் இறந்தார்கள். அதுவும் ஃப்ளூதான். வங்கதேசத்தில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டபோது, அவர்களின் கைக்குழந்தைகளிடம் உறுதிசெய்யப்பட்ட ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது என்பதால், தாய் வழியாக வருவதே அதற்கான பாதுகாப்பு. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்த பன்னாட்டு ஆய்வில், ஓராண்டுக்குள் நிகழ்ந்த மரணம் 4.9 சதவீதத்திலிருந்து 2.9 சதவீதமாகக் குறைந்ததும் 2021-இல் வெளியானது. பாதிப் பலன் என்று நாம் தள்ளிவிடுவது இந்த உயிர்களைத்தான்.

செலவுதான் நியாயமான தடை. அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. தனியாரிடம் போட்டுக்கொள்ளும் விலை கூலித் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாது. எல்லோருக்கும் ஒரேயடியாகப் போட முடியாவிட்டாலும், யாரிடம் தொடங்குவது என்பதில் குழப்பமில்லை. லட்டு கவுன்டரிலும் மொட்டையடிக்கும் கல்யாணகட்டாவிலும் பணியில் நிற்பவர்கள், மலைப்பாதைப் பேருந்துகளின் ஓட்டுநர்கள், திருப்பதியின் ரூயா, ஸ்விம்ஸ் மருத்துவமனைகளின் செவிலியர்கள், இரு மாவட்டங்களின் கர்ப்பிணிகள், முதியோர், சர்க்கரை, இதய நோயாளிகள். இவர்களுக்கு ஆண்டுதோறும் இலவசமாக ஊசி போடும் பொறுப்பை ஆந்திர அரசும் திருமலை திருப்பதி தேவஸ்தானமும் ஏற்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே ஆவணி முடிவதற்குள் போட்டுவிட வேண்டும்.